899 ரூபாய் சென்ட்: பாட்டில் மேல் தயாரித்தவர் பெயர்கூட இல்லை

அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று போன மாதம் ஆன்லைனில் ஒரு சென்ட் வாங்கினேன். 'பக்காரா ரூஜ் 540 வாசனை அப்படியே, 12 மணி நேரம் நிற்கும்' என்று விளம்பரம். 50 மில்லி 899 ரூபாய்.

பக்காரா ரூஜ், பிரான்சின் பக்காரா கண்ணாடி நிறுவனத்தின் 250ஆம் ஆண்டுக்காக பிரான்சிஸ் குர்க்ஜியான் என்ற வாசனைக் கலைஞர் உருவாக்கிய சென்ட். துபாயில் இருக்கும் தோழி ஒருமுறை என் மணிக்கட்டில் அடித்துவிட்டாள். குங்குமப்பூ, மல்லிகை, காய்ந்த மரம், அதன் மேல் சர்க்கரைப் பாகு கருகுவதற்கு முந்தைய மணம். மறுநாளும் துப்பட்டாவில் இருந்தது. அதை வாங்க என் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அதனால் அதே சாயலில் மலிவாக ஒன்று வாங்குவதை நான் தப்பாக நினைக்கவில்லை, இப்போதும்.

வந்ததை அடித்தவுடன் பஞ்சு மிட்டாய் மணம் தூக்கியது. ஏமாந்தது அங்கேதான். அந்த மணத்தைத் தருவது எத்தில் மால்ட்டால் என்ற செயற்கைப் பொருள். 1992இல் வந்த ஏஞ்சல் சென்ட்டுக்குப் பிறகு இனிப்பு சென்ட்டுகளில் அது சாதாரணம், விலையும் குறைவு. ஆகவே முதல் பத்து நிமிட இனிப்பை யாரும் கொண்டுவந்துவிடலாம். குங்குமப்பூவும் மரமும் எங்கே என்று காத்திருந்தேன், வரவே இல்லை. அரை மணியில் வெறும் ஸ்பிரிட் நெடி. சில சமயம் நம் மூக்கு பழகிப்போய் நமக்கு மட்டும் தெரியாமல் போகும். அதனால் அக்காவை மோந்து பார்க்கச் சொன்னேன். "ஒன்றுமே இல்லையே டீ" என்றாள். துணியில் அடித்துப் பார்த்தேன், அதிலும் இரண்டு மணி நேரம் தாண்டவில்லை.

அப்புறம் கழுத்தில் சிவந்து தடித்தது. டாக்டர் என்ன சென்ட் என்று கேட்டபோதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் எதுவுமே இல்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது? எதைத் தோலில் பூசினேன் என்றே எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

விற்றவர்களிடம் கேட்டால் 'திறந்த பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்று ஒரு வரி. அடிக்காமல் எப்படித் தெரியும்? மறுபடி எழுதினேன், என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சின்ன சாம்பிள் கிடைத்தால் முழங்கை மடிப்பில் அடித்து ஒரு நாள் பாருங்கள், இனிப்பு போன பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நானும் செய்திருக்கிறேன். பாட்டில், பெட்டி, கூரியர் கவர், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.