மண்கல் வீடு கட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியவில்லை. கொல்லைப்புறத்தில் 300 சதுர அடியில் அவருக்கென்று ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். இயற்கையோடு இசைந்த வீடுகளை வடிவமைக்கிறேன் என்று சொன்ன ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். பெயரைச் சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரைபடம் அழகாக இருந்தது. கூரையில் சூரியத் தகடு, பக்கத்தில் மழைநீர்த் தொட்டி, தோட்டத்து மண்ணிலேயே சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த கல். "மண்ணைப் பரிசோதிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "பார்த்தாலே தெரிகிறது, தங்கமான மண்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அழுத்திய மண்கல்லுக்கு மேல்மண் ஆகாது. வேரும் மக்கிய இலையும் கலந்திருந்தால் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். அதிலும் மணல்தான் அதிகம் இருக்க வேண்டும். களி மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும். மணல் உடனே அடியில் படியும், அதன்மேல் வண்டல், களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். செலவே இல்லாத சோதனை. அதைக்கூட அவர் செய்யவில்லை.

அப்புறம் க்யூரிங். சிமென்ட் கலந்த மண்கல்லை ஈரம் காயவிடாமல் மூடி 28 நாள் வைக்க வேண்டும். இவர்கள் வெயிலில் அடுக்கி, எட்டாம் நாளே சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். கேட்டதற்கு, "சுவரில் இருக்கும்போதே காய்ந்துகொள்ளும்" என்றார். காய்வதால் சிமென்ட் இறுகுவதில்லை, ஈரத்தோடு சேர்ந்துதான் இறுகும். அது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதல் பெருமழையின் மூன்றாம் நாள் சுவரின் அடிவரிசையை விரலால் அழுத்தினேன். நகம் உள்ளே போனது. மிச்சம் கிடந்த கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் வாளியின் அடியில் சேறுதான் இருந்தது, அதன்மேல் மிதந்தவை புல்வேர்கள். நல்ல மண்கல் ஒரு நாள் முழுக்க ஊறினாலும் கரையாது. இதை முதல் கல் தயாரான அன்றைக்குச் செய்யாமல், சுவர் எழும்பிய பிறகு செய்தேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

மண்சுவருக்கு அகலமான இறவாணமும் (சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு) உயரமான பேஸ்மென்ட்டும் (தரைக்கு மேலே எழுப்பும் அடித்தளம்) உயிர். வரைபடத்தில் இறவாணம் இரண்டரை அடி. கட்டியதோ முக்கால் அடி. பேஸ்மென்ட் அரை அடிகூட இல்லை, கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் தெறித்துச் சுவரிலேயே பட்டது. மேற்குப் பக்கத்தில் நிழலே இல்லாமல் பெரிய கண்ணாடி ஜன்னல் வேறு. மாலையில் உள்ளே உட்கார முடியாது.

கூரை போடுவதற்கு முன்பே முக்கால்வாசிப் பணத்தை வாங்கிவிட்டார். இப்போது போனை எடுப்பதில்லை. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், கல் நீரில் ஊறித் தேறினால் இவ்வளவு, இறவாணத்தை அளந்து பார்த்த பிறகு இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். அவர் ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றை மழைக்காலம் முடிந்த பிறகு நேரில் போய்ப் பாருங்கள். அங்கே குடியிருப்பவரிடம் பேசுங்கள், போட்டோவை நம்பாதீர்கள்.

வேறொரு பொறியாளர் வந்து பார்த்து, சுவர்களை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். இறக்கிவிட்டோம். பேஸ்மென்ட்டை இரண்டடிக்கு உயர்த்தியாயிற்று. அடிமண்ணில் மணல் சேர்த்து அழுத்திச் செய்த புதுக் கற்கள் ஈரச் சாக்குக்கு அடியில் இருக்கின்றன. இன்று 11-ஆம் நாள்.