மோரோ, டரோக்கோ, சாங்குவினெல்லி: பிளட் ஆரஞ்சு வளர்த்த அனுபவம்

உள்ளே சுளை சிவந்திருக்கும் பிளட் ஆரஞ்சுச் செடி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், எது நல்லா சிவக்கும்? மூன்று ரகத்தையும் பல வருடமாக வளர்த்துச் சாப்பிட்டு வருகிறேன். ரகத்தை முடிவு செய்வதற்கு முன் உங்கள் ஊரில் குளிர்கால ராத்திரி எப்படி இருக்கும் என்று பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் ரூபி என்ற மரபணு குளிர் பட்டால்தான் முழுசாக வேலை செய்யும் என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. பழம் முற்றும் மாதங்களில் பகலில் நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், இந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும். இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா எரிமலையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு இவ்வளவு புகழ் கிடைத்ததும் இதனால்தான். அதற்காக உறைபனி ஆகாது, மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் நின்றாலே பழத்துக்குள் சாறு உறைந்து அப்புறம் சக்கையாகிவிடும்.

மோரோ மூன்றிலும் ரொம்பக் கருப்பு. முன்பருவ ரகம். கத்தி இறங்கியதும் பலகையில் ஓடும் சாறு கிட்டத்தட்ட நாவல்பழ நிறம், குளிர் கொஞ்சம் குறைந்த வருடத்திலும் ஏமாற்றாது. ஆனால் பழுத்ததும் பறித்துவிட வேண்டும், மரத்திலேயே விட்டால் ஒரு மாதிரி வாடை ஏறிவிடுகிறது, அந்தப் பழத்தை எனக்குச் சாப்பிடப் பிடிக்காது.

டரோக்கோ என் செல்லம். பெரிய பழம், உரிக்கச் சுலபம், விதை கிடையாது என்றே சொல்லலாம், இனிப்பும் புளிப்பும் அவ்வளவு அளவாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஒரே மரத்தில் ஒரு பழம் சிவந்திருக்கும், பக்கத்துப் பழத்தில் சுளை ஓரமாக நாலு கீற்றுதான் இருக்கும். வெளுத்த பழமும் ருசியில் குறைவதில்லை என்பதால் நான் கவலைப்படுவதில்லை.

சாங்குவினெல்லி 1929இல் ஸ்பெயினில் கண்டெடுத்தது. தோலே சிவந்து பளபளக்கும், பழம் கொஞ்சம் சிறிசு, மோரோ முடிந்த பிறகும் மரத்தில் நிற்கும்.

மண் விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். தண்ணீர் தேங்கவே கூடாது, மண்ணின் அமில காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மண்ணில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, உரத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே மூன்று மூன்று இலையாகத் துளிர் வந்தால் அது வேர்ச்செடியின், அதாவது நம் ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடியின் கிளை, உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் மேலே இருக்கிற ரகத்தை அமுக்கிவிடும்.

குளிரே இல்லாத இடமா? காரா காரா என்ற ஆரஞ்சு ரகத்தைப் பாருங்கள். அது பிளட் ஆரஞ்சு இல்லை, அதன் இளஞ்சிவப்பு லைகோபீன் என்ற வேறு நிறமியால் வருவது, அதனால் குளிருக்குக் காத்திருக்காது. சுமாரான குளிர் என்றால் மோரோ. ராத்திரி நன்றாகக் குளிரும் என்றால் யோசிக்காமல் டரோக்கோ வையுங்கள்.