ஃபெராரி 288 ஜிடிஓ: சாலை வண்டியா, சோதனை வண்டியா?

குரூப் பி என்ற கார் பந்தயப் பிரிவில் தகுதி பெறக் குறைந்தது 200 வண்டிகள் வேண்டும் என்பதற்காக ஃபெராரி 1984-இல் அறிமுகப்படுத்திய 288 ஜிடிஓவையும், அதையே பந்தயத்துக்கென மாற்றியமைத்த எவோலூட்சியோனேவையும் ஆர்வலர்கள் இன்றும் எடைபோட்டுப் பார்க்கிறார்கள்.

எண்ணிக்கை: முன்னது 272, பின்னது விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

ஆற்றல்: இரட்டை டர்போ பொருத்திய 2.8 லிட்டர் எட்டு சிலிண்டர் என்ஜின் ஜிடிஓவில் 400 குதிரைத்திறன் தருகிறது. எவோலூட்சியோனேவில் அது ஏறத்தாழ 650. எடையோ 1,160 கிலோவிலிருந்து சுமார் 940 கிலோவாக இறங்கிவிட்டது.

தோற்றம்: ஜிடிஓவின் பின்சக்கரத்துக்குப் பின்னே சாய்வாக வெட்டப்பட்ட மூன்று காற்றுத் திறப்புகள் ஃபெராரியின் 1962 பந்தயக் காரான 250 ஜிடிஓவை நினைவூட்டுகின்றன, அந்த அழகுக்கு ஈடில்லை என்பேன். எவோலூட்சியோனேவில் அழகு காற்றோட்டத்துக்கு வழிவிட்டு, பின்னால் பெரிய இறக்கை எழுந்து நிற்கிறது.

பயன்பாடு: 1986-இல் குரூப் பி கைவிடப்பட்டதால் எவோலூட்சியோனேவுக்குக் களமே இல்லாமல் போயிற்று, ஆனால் அதில் கற்றவையே ஃபெராரி 1987-இல் வெளியிட்ட எஃப்40 காருக்கு அடித்தளமாயின.

நெடுஞ்சாலையில் ஓட்டி மகிழ விரும்புபவருக்கு ஜிடிஓதான் பொருந்தும். எஃப்40 எப்படிப் பிறந்தது என்பதைக் கண்ணால் காண விரும்பும் சேகரிப்பாளருக்கு, சாலையில் ஓட்ட முடியாவிட்டாலும், எவோலூட்சியோனேவே உரியது.