மீன் பெட்டி ஏற்றும் பழைய ஹைலக்ஸுக்குப் புது ஷொக்: மூன்று வருடம் ஓடிய பிறகு

என்னுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், மொடல் எல்என்106. 2.8 டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். அதற்கு வேலை ஒன்றுதான். விடியமுன் இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் போய் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றித் திருகோணமலை டவுனுக்குக் கொண்டுவரவேண்டும். போக வர 70 கிலோமீற்றர் அளவு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதோடு புதுசு வாங்கும் யோசனையையும் விட்டாயிற்று. இருப்பதை ஓட்டுவோம் என்று முடிவெடுத்த பிறகுதான் அடியில் குனிந்து பார்க்கவே தொடங்கினேன்.

முதல் தடவை செய்தது பிழை. அந்த வருடக் கடைசியில் பின் ஷொக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) இரண்டை மட்டும், கடையில் இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்துப் போட்டேன். பதினாலு மாதத்தில் வலது பக்கம் எண்ணெய் கக்கிவிட்டது. பெயரைச் சொல்லி ஒரு கொம்பனியைத் திட்டுவதில் நியாயமில்லை, ஏனென்றால் பாதிக் குற்றம் என்னுடையது. பெட்டிகளில் இருந்து உருகி வடிகிற உப்புத் தண்ணீர் போக பின் தட்டில் ஓர் ஓட்டை உண்டு. அதற்கு நேர் கீழேதான் வலது ஷொக். கழற்றிய பிறகு அதன் தண்டை நகத்தால் தடவிப் பார்த்தேன். பளபளப்பு உரிந்து, சின்னச் சின்னத் துருக் குழிகள் நகத்தில் தட்டுப்பட்டன. அந்தக் குழிகள் மேலும் கீழும் போய்வரப் போய்வர சீல் அறுந்துவிடும். பிறகு எண்ணெய் எப்படி நிற்கும்?

இதற்கிடையில் டயரும் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பின் டயரில் கையை வைத்துச் சுற்றினால் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். சில்லு தெருவோடு ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளிப் போனால் தேய்மானம் இப்படித்தான் வரும். வாகனத்தை மூலையில் அமுக்கி விட்டுப் பார்க்கிற பழைய சோதனையை இந்த வண்டியில் நம்பவேண்டாம். லீஃப் ஸ்பிரிங் தகடுகள் ஒன்றோடொன்று உரசி அதுவே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கிவிடும். செத்த ஷொக்கும் நல்லதுபோலத் தெரியும்.

2022இல் டொலர் ஏறியது எல்லோருக்கும் தெரியும். காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. டீசல் வரிசையில் நின்ற நேரம் ஓடிய நேரத்தைவிடக் கூட. ஒருவழியாக ஓகஸ்ட் மாதம் நாலுக்கும் சேர்த்துக் கயாபா எக்செல்-ஜி என்ற காஸ் நிரப்பிய ஷொக் வாங்கினேன். மலிவானதைவிட ஒன்று ஏறத்தாழ இரண்டரை மடங்கு விலை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரீகண்டிஷன், அதாவது பாவித்த சாமான், எடுக்கலாம் என்று ஒரு கூட்டாளி சொன்னான். எஞ்சின் என்றால் சரி. அடுத்தவன் வண்டியில் எவ்வளவு ஓடினதென்று தெரியாத ஷொக்கைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை.

பூட்டுகிற வேலை ஒரு மணித்தியாலம் என்றார்கள், ஒரு நாள் போனது. கீழ் நட் நாலில் மூன்று உப்பில் இறுகிக் கிடந்தன. கராஜில் நின்ற பொடியன் சூடாக்கக் காஸ் நெருப்புப் பிடிக்கப்போனான். கராஜ் பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே எண்ணெயும் அழுத்தத்தில் காற்றும் உள்ள மூடிய குழாய், அதற்குப் பக்கத்தில் நெருப்புக் காட்டினால் வெடிக்கலாம். முதல் நாள் பின்னேரமே துருநீக்கி அடித்து ஊறவிட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். கடைசியில் நட்டை மட்டும் கிரைண்டரால் மெல்லக் கீறிப் பிளந்தோம், புரி தப்பியது.

புதுசைப் பூட்டமுன் நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை அமுக்கி இழுக்கச் சொன்னார். படுக்கவைத்துக் கிடந்ததில் காஸ் எண்ணெய்க்குள் கலந்திருக்குமாம், அமுக்கினால் மேலே போய்விடும். இன்னொன்று, ஷொக்கின் நுனி வளையத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷின் கடைசி இறுக்கத்தை வண்டி சில்லில் நின்ற பிறகுதான் கொடுத்தார். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியே நிற்கும்.

"தம்பி, இனி மெத்தை மாதிரி ஓடும் எண்டு நினைச்சிராதீங்க," என்றார் காசை வாங்கும்போது. "பாரம் தாங்கிறது ஸ்பிரிங். இது அதின்ர துள்ளலை அடக்கிறது மட்டும்தான்."

சொன்னது சரி. வெறும் தட்டோடு பள்ளத்தில் விழுந்தால் இன்றைக்கும் இடுப்புக்குத் தெரியும். ஆனால் பாரத்தோடு வளைவில் பின்பக்கம் படகுபோல் சரிந்து மூன்று தடவை ஆடுவது நின்றது. ஒரு மாலை பிரட்றிக் கோட்டைப் பக்கம் மானொன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் மிதித்தேன், மூக்குக் குத்தாமல் நேராக நின்றது. முந்தியென்றால் பெட்டியெல்லாம் கபினில் வந்து மோதியிருக்கும். மணல் தெருவில் வருகிற கடகடச் சத்தம் மட்டும் போகவேயில்லை. ஷொக்கில்தான் பிழை என்று நினைத்து ஆறு மாதம் குமைந்தேன். ஸ்பிரிங் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷக்கிளின் புஷ் மாற்றியதும் சத்தம் காணாமல் போனது. முதலே இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால் கூலி ஒன்றுதான்.

புது ஷொக் போட்டு இப்போது 60,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. வடிகிற ஓட்டைக்கு ஒரு துண்டு ஹோஸ் மாட்டித் தண்ணீரைப் பின்பக்கம் விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அடியை நல்ல தண்ணீரால் அடிக்கிறேன். பின் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. முன் இடதில் மட்டும் சென்ற மாதம் லேசான ஈரத்தில் தூசி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு இரண்டு கிழமை பார்த்தேன், திரும்ப ஈரம் வந்தது, ஆனால் துளி வடியவில்லை. ஐப்பசி மழை தொடங்கமுன் இன்னொரு தரம் துடைத்துப் பார்க்கவேண்டும். வடிந்தால் முன் இரண்டும் மாறும்.