எங்கள் தெரு ரேஷன் கடை: அரிசி நல்லா இருக்கு, பருப்புதான் தாமதம்

காட்பாடியில் எங்கள் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் ரேஷன் கடை எப்படி என்று கேட்கிறார்கள். புழுங்கல் அரிசியை நம்பி வாங்கலாம். இட்லிக்குப் போட்டால் மாவு நன்றாகப் பொங்கி வருகிறது. சோறு வடித்தால் லேசாக வாடை உண்டு, நாலு தண்ணீர் களைந்தால் போய்விடும். களையும்போது சில அரிசி மேலே மிதக்கும். பிளாஸ்டிக் என்று பொறுக்கிப் போடாதீர்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி அது, மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது.

கடையில் பில் போடும் அம்மா பொறுமைசாலி. கைரேகை விழாத பாட்டிகளைத் திருப்பி அனுப்பாமல் கண்ணை ஸ்கேன் செய்து பொருளைத் தருகிறார்.

என் கார்டில் என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்). இரண்டு வீட்டிலும் நாலு பேர், வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, காசு கிடையாது. ஆனால் அக்கா வாங்கும் அரிசி 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு கொடுப்பது. அந்தக் கணக்கில் என் வீடு வராது. எங்களைப் போன்றவர்களுக்காக மாநில அரசு கிலோ 8.30 ரூபாய்க்கு மத்தியத் தொகுப்பிலிருந்து வாங்கி, அந்தச் செலவைத் தானே ஏற்கிறது. கருணாநிதி 2008ல் கிலோ ஒரு ரூபாய் ஆக்கினார், ஜெயலலிதா 2011ல் இலவசமாக்கினார். ஓட்டும் ஒரு காரணம்தான், இருக்கட்டுமே. டில்லி தரும் அரிசியோடு சொந்தப் பணத்தையும் சேர்த்து, ஏழை யார் என்று பிரிக்காமல் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது நல்ல அரசியல் என்றே நினைக்கிறேன்.

பெயர் வாங்கும் ஆசை டில்லிக்கும் உண்டு. 2022ல் தெலங்கானாவில் ரேஷன் கடைக்குப் போன நிர்மலா சீதாராமன், பிரதமர் படம் ஏன் இல்லை என்று கலெக்டரைக் கேட்டார். யார் படமாவது மாட்டட்டும். எந்தக் கார்டுக்கு எந்த அரசு எவ்வளவு கொடுக்கிறது என்று போர்டில் எழுதி வைத்தால் போதும், எங்களுக்கு அது தெரிய வேண்டும்.

அப்புறம் பருப்பு. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25 ரூபாய். இவை மாநில அரசின் சொந்தத் திட்டம், 2007ல் வந்தது. இந்தக் கடையில் அரிசி மாத முதலிலேயே இருக்கும், பருப்புக்கு மட்டும் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டாவது தடவை வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். இதை அவசியம் சரிசெய்ய வேண்டும்.

பில் போட்டதும் போனுக்கு மெசேஜ் வரும். வாங்காத பொருள் அதில் இருந்தால் கடையிலேயே கேளுங்கள், சரியான பதில் இல்லை என்றால் ரேஷன் புகார் எண் 1967க்கு அடியுங்கள்.