அம்மாவின் மூளை லிம்போமாவும் ஆறாம் எண் படுக்கையும்

கோவையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. அம்மாவுக்கு 71 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. மார்கழியில் ஒரு நாள் வாசலில் அவர் போட்ட கோலத்தில் இடப் பக்கத்துப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "முழுசாத்தானே போட்டிருக்கேன்" என்றார்.

முதலில் போனது வேறு இடம். ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் வீக்கம் வற்ற டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்தே நாளில் அம்மா தெளிந்துவிட்டார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் பயாப்சிக்காக மறுபடி ஸ்கேன் எடுத்தால் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. எடுத்த துண்டில் எதுவும் பிடிபடவில்லை. அம்மாவுக்கு வந்திருந்த லிம்போமா, வெள்ளணுக்களில் தொடங்கும் ஒரு புற்றுநோய். அதை ஸ்டீராய்டு தற்காலிகமாகக் கரைத்துவிடும். அதனால் மூளைக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்குப் போகாத வரை, பயாப்சி முடிந்த பிறகே ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கட்டி திரும்பத் தலைகாட்டும்வரை ஐந்து வாரம் காத்திருந்தோம். வீட்டில் யாருக்காவது இப்படி ஸ்கேனில் தெரிந்தால், "இது லிம்போமாவாக இருக்குமா, ஸ்டீராய்டு இப்போதே வேண்டுமா?" என்று தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போதைய மருத்துவமனைக்கு வந்தது அதன் பிறகு. இங்கே எனக்கு முதலில் பிடித்தது, டாக்டர் உட்கார்ந்து பேசியது. முக்கால் மணி நேரம், ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எழுதிக் காட்டினார். மூளைக்குள் பெரும்பாலான கீமோ மருந்துகள் போய்ச் சேராது, மெத்தோட்ரெக்ஸேட் மிகப் பெரிய அளவில் கொடுத்தால் சேரும், அதனால் அதுதான் அடிப்படை. அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் கேள்வி. வயதானவர்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு என்றும் சொன்னார்.

பிரான்ஸில் 60 வயதைத் தாண்டிய 98 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் டெமோசோலோமைடும். இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு புரோகார்பசின், வின்கிரிஸ்டின், சைட்டரபின். பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம் முதல் பிரிவில் 14 மாதம், இரண்டாவதில் 31. தாளில் அந்த 31ஐப் பார்த்ததும் "அப்போ அதையே கொடுத்திடுங்க டாக்டர்" என்றேன். அவர் அவசரப்படவில்லை. 98 பேரை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்று விளக்கிவிட்டு, அம்மாவின் கால்களைப் பார்த்தார். சர்க்கரையால் பாதம் ஏற்கெனவே மரத்துப் போயிருந்தது. வின்கிரிஸ்டின் அதைக் கூட்டிவிடும்.

ஜெர்மனியில் 65 தாண்டியவர்களுக்கு நான்கு மருந்துகளோடு ஆரம்பித்த ஒரு ஆய்வில், தொற்றுத் தொல்லை அதிகமானதால் அவற்றில் ஒன்றான லோமஸ்டினைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். பலன் ஏறக்குறைய அதேதான் இருந்ததாம். வயதானவர்களுக்கு மருந்தைக் கூட்டுவதைப் போலவே குறைப்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தலை முழுவதற்குமான கதிர்வீச்சு வேண்டாம் என்றார். இந்த வயதில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பின் அதைக் கொடுத்தால் ஞாபகமும் நடையும் போய்விடும் ஆபத்து அதிகம். கடைசியில் மெத்தோட்ரெக்ஸேட், ரிட்டுக்ஸிமாப், டெமோசோலோமைடு என்று முடிவானது.

இனி வார்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, முந்தின நாள் மாலையே சேர வேண்டும். சலைனும் சோடா பைகார்பனேட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் ஜாடியில் அளந்து, அதில் ஒரு காகிதத் துண்டை நனைத்து, டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ணங்களோடு ஒத்துப் பார்ப்பார்கள். அமில-கார அளவு (pH) 7 வராமல் மருந்து தொடங்காது, அமிலம் இருந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும். முதல் சுற்றில் நான் அவசரப்பட்டபோது சிஸ்டர் அந்தத் துண்டைக் குழல்விளக்கடியில் பிடித்துக் காட்டி, "பாருங்க, இன்னும் மஞ்சப் பச்சையிலயே நிக்குது. ஏழு வரட்டுங்க்கா" என்றார். இரவு பதினொன்றரைக்குத்தான் வந்தது. அந்தப் பொறுமைக்காகவே இந்த வார்டை யாருக்கும் சொல்வேன்.

சேர்ந்தவுடன் மாத்திரைப் பெட்டியைப் படுக்கையில் கொட்டச் சொல்வார்கள். மூன்றாம் சுற்றில் அதிலிருந்து ஒரு டைக்ளோஃபெனாக் அட்டை விழுந்தது. முட்டிவலிக்காக அம்மா யாரிடமும் சொல்லாமல் போட்டிருக்கிறார். மெத்தோட்ரெக்ஸேட் உடம்பை விட்டு வெளியேறுவதை அது தடுக்கும். சுற்றை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள், அம்மாவைத் திட்டவில்லை.

மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழித்து, மெத்தோட்ரெக்ஸேட்டின் பாதிப்பிலிருந்து உடம்பைக் காக்கும் லியூகோவோரின், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதிகாலை மூன்று மணி டோஸ் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் அளவு 0.1க்குக் கீழே வந்தால்தான் வீடு.

குறை என்றால், அந்த ரத்தப் பரிசோதனை உள்ளே கிடையாது. வெளியே அனுப்பி முடிவு வர மாலையாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் மோசம். அதனாலேயே ஒருமுறை ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கட்டினோம். இரவில் மருந்துக்கடை பூட்டிவிடும், லியூகோவோரினை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். ரிட்டுக்ஸிமாப் முதல் முறை ஏறும்போது குளிர் நடுக்கம் வரலாம் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம், பயந்துவிட்டோம். வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது.

ஐந்து சுற்று முடிந்தது. ஸ்கேனில் கட்டி மிகச் சுருங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அடுத்த வியாழன் ஆறாவது சுற்று. ஆறாம் எண் படுக்கையையே கேட்டிருக்கிறோம். இரவில் எட்டு முறை எழ வேண்டியவருக்கு அதிலிருந்து கழிப்பறை நான்கே எட்டு.