சேப்பாக்கத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் ஒரே பைனாகுலர்: எது சரிப்படும்?

சேப்பாக்கம் மைதானத்தில் மேல் அடுக்கில் இடம் கிடைத்தால், ஆடுகளம் உங்களிடமிருந்து ஏறக்குறைய 120 மீட்டர் தள்ளி இருக்கும். ஆடுகளத்திலிருந்து பவுண்டரி கோடு வரைக்கும் 60, 70 மீட்டர். அதற்கு மேல் வேலி, படிக்கட்டு, உயரம் எல்லாம் சேர்த்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். வெறுங்கண்ணுக்கு ஆட்டக்காரரின் முகம் தெரியாது. முதுகில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். 8 மடங்கு பைனாகுலர் அந்த 120 மீட்டரை 15 மீட்டராகக் குறைத்துக் காட்டும். 10 மடங்கு 12 மீட்டராகக் காட்டும்.

வித்தியாசம் வெறும் மூன்று மீட்டர். அந்த மூன்று மீட்டருக்காகத்தான் பெரும்பாலானவர்கள் கடையில் 10-ஐக் கேட்டு வாங்குகிறார்கள். நானும் முதலில் 10×25 தான் வாங்கினேன். இரண்டு சீசன் மேட்சுக்கும், ஒரு டிசம்பர் முழுக்க வேடந்தாங்கலுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்த பிறகு அதை அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டேன். கைக்கு அடக்கமான பைனாகுலர் வேண்டும் என்று யார் கேட்டாலும் இப்போது 8 மடங்குதான் சொல்கிறேன். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

8-ஆ, 10-ஆ

பைனாகுலரில் இருக்கும் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். உருவம் 10 மடங்கு பெருகும்போது கை நடுக்கமும் அதே அளவு பெருகுகிறது. அரைக் கிலோ எடையுள்ள பெரிய பைனாகுலர் தன் கனத்தாலேயே கையில் கொஞ்சம் நிலையாக நிற்கும். 200, 300 கிராம் எடையில் இருக்கும் சின்னது சும்மாவே ஆடும். அதில் 10 மடங்கு என்றால் முழங்கையை விலாவோடு இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். டி20 மேட்சே மூன்றரை மணி நேரம் நடக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஒரே பார்வையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. அட்டைப் பெட்டியில் இது டிகிரியிலோ, ஆயிரம் மீட்டரில் எத்தனை மீட்டர் என்றோ போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு நிக்கான் அகுலான் வரிசையின் 10×21-ல் அகலம் 5 டிகிரி. 120 மீட்டர் தூரத்தில் அது பத்தரை மீட்டர். பிட்சின் நீளம் 20 மீட்டர். பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்தால் பாதி பிட்சுதான் தெரியும். பந்து வீசுபவரைப் பார்த்தால் மட்டையாளர் இல்லை, மட்டையாளரைப் பார்த்தால் பந்து வீசுபவர் இல்லை. அதே நிக்கானின் ஸ்போர்ட்ஸ்டார் 8×25-ல் அகலம் 8.2 டிகிரி. அதே இடத்திலிருந்து 17 மீட்டர் தெரியும். பந்து கையை விட்டுக் கிளம்புவதும், மட்டையாளர் கால் நகர்த்துவதும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைனாகுலரில் பந்தைத் துரத்தாதீர்கள், அடித்த பந்தைப் பிடிக்கவே முடியாது. அதன் சுகம் இரண்டு பந்துகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. சுழற்பந்து வீச்சாளர் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நடப்பது, பந்து வீச ஓடி வருவதற்கு முன்னால் விக்கெட் கீப்பரைப் பார்த்துத் தலையை லேசாக அசைப்பது, ஸ்லிப்பில் நிற்பவர் அரை அடி பின்னால் போவது, இதெல்லாம் டிவியில் வராது. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க அகலமான பார்வைதான் உதவும்.

21, 25, 32

பகலிலும் ஃப்ளட்லைட் வெளிச்சத்திலும் முன் லென்ஸின் இந்த மூன்று அளவுக்கும் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. சபா மேடையிலும் அப்படித்தான், விளக்கு மேடையின் மேல் விழுகிறது. வித்தியாசம் விடியற்காலையில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் லென்ஸில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைப்பதே அந்த வட்டத்தின் அளவு. 10×25-ல் 2.5 மி.மீ., 8×21-ல் 2.6, 8×25-ல் 3.1, 8×32-ல் 4. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால் எல்லாமே போதும். இருட்டு கலைகிற நேரத்தில் பாவை 5 மி.மீ.க்கு மேல் விரிந்து வெளிச்சம் கேட்கும். அப்போது 2.5 மி.மீ. வட்டத்தைக் கொடுத்தால் காட்சி மங்கித்தான் தெரியும்.

வேடந்தாங்கலில் இதைக் கண்ணால் பார்த்தேன். 1798-லேயே ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிய ஏரி அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டிசம்பரில் காலை ஆறு மணிக்குக் கரையில் நின்றால் நீருக்குள் நிற்கும் மரங்கள் முழுக்கச் சத்தம், ஆனால் எல்லாம் கருப்பு உருவம். என் 10×25-ல் நாரையும் கூழைக்கடாவும் ஒன்றுபோலவே தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் 8×32-ஐக் கழற்றிக் கொடுத்தார். அதே மரம், அதே கிளை. நத்தை குத்தி நாரை ஒன்று பக்கவாட்டில் திரும்பியது. அதன் அலகு முழுக்க மூடாது, நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாகப் பின்னால் வெளுத்துக்கொண்டிருந்த வானம் தெரிந்தது! 25-ஐவிட 32-க்குள் ஒன்றரை மடங்குக்கும் மேல் வெளிச்சம் நுழைகிறது. அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வட்டம் பெரிதாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணை இம்மி பிசகாமல் வைக்க வேண்டியதில்லை. சின்ன வட்டத்தில் கண் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்திலிருந்து கருப்பு நிழல் வந்து மூடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் பெரிய தொல்லை.

சரி, அப்படியானால் எல்லோரும் 8×32 வாங்கிவிடலாமே? எடைதான் தடை. நிக்கான் மொனார்க் எம்7 8×30 போன்றவை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பறவை பார்க்கப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கழுத்தில் தொங்கும். கச்சேரிக்கோ மேட்சுக்கோ போகிறவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். பையில் இல்லாத பைனாகுலரால் என்ன பிரயோஜனம்? 8×21 ரகம் 200 கிராமுக்குள் அடங்கும், சட்டைப் பையில் போகும், விலையும் குறைவு. வருஷத்துக்கு இரண்டு முறை மேடை நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது போதும், மேலே செலவு செய்ய வேண்டாம்.

இரண்டு 8×25, ஒரு மூக்குக்கண்ணாடி

நடுவழியான 8×25-க்கு வந்தால், நான் அக்கறையோடு ஒப்பிட்டது இரண்டை. ஒன்று மேலே சொன்ன நிக்கான் ஸ்போர்ட்ஸ்டார், மற்றொன்று ஒலிம்பஸ் 8×25 டபிள்யூபி II. இரண்டும் மடக்கக்கூடியவை, இரண்டும் தண்ணீர் புகாதவை. எடை 300 கிராமும் 260 கிராமும். அகலத்தில் நிக்கான் அள்ளிக்கொண்டு போகிறது: 8.2 டிகிரிக்கு எதிராக ஒலிம்பஸுக்கு 6.2 தான். காகிதத்தில் பார்த்தால் பேச்சே இல்லை, நிக்கான்.

அம்மா கண்ணாடி போடுகிறவர். நிக்கானைக் கையில் கொடுத்தேன். "என்னப்பா இது, குழாய்க்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார். காரணம் எளிது. லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழுக் காட்சி தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. ஐ ரிலீஃப் என்பார்கள். நிக்கானில் அது 10 மி.மீ. மூக்குக்கண்ணாடி போட்டால் அதற்குள் கண் போகவே போகாது, 8.2 டிகிரியில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒலிம்பஸில் 15 மி.மீ. ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டால் கண்ணாடியோடே முழு வட்டமும் தெரிகிறது. அம்மாவுக்கு ஒலிம்பஸின் 6.2 டிகிரிதான் அகலமான காட்சி.

ஆகவே வெறுங்கண்ணால் பார்க்கிறவர் நிக்கான், கண்ணாடி போடுகிறவர் ஒலிம்பஸ். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்தான் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தாலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் இருந்தால் அது முடியாது.

மடக்குப் பைனாகுலர்களுக்குப் பொதுவாக ஒரு சங்கடம் உண்டு. நடுவில் இரண்டு கீல்கள். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் கண்களின் இடைவெளிக்குத் தக்கபடி இரண்டு பக்கத்தையும் சரிக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் கைமாற்றிப் பார்த்தால் ஆளுக்கு ஆள் இந்த வேலை இருக்கிறது. ஒருவரே வைத்துப் பார்ப்பதென்றால் பிரச்சினை இல்லை.

தனி வழி போகிறவை இரண்டு

பென்டாக்ஸ் பாப்பிலியோ II 6.5×21 மேல் எனக்குத் தனிப் பிரியம். மற்றவை ஒன்றரை, இரண்டு மீட்டருக்குக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது. இது அரை மீட்டரில் ஃபோகஸ் ஆகும். லத்தீனில் பாப்பிலியோ என்றால் பட்டாம்பூச்சி, பெயரிலேயே வேலை இருக்கிறது. எங்கள் மாடித் தொட்டியில் கறிவேப்பிலை இலையைத் தின்றுகொண்டிருந்த புழுவை நின்றபடியே பார்த்தேன். இலை ஓரத்தை மேலிருந்து கீழாக வளைவாக அரித்துவிட்டு, மறுபடி தலையை மேலே தூக்கிக்கொண்டு போய் அதே கோட்டில் ஆரம்பித்தது, சோளம் கடிக்கிற மாதிரி. அகலம் 7.5 டிகிரி, ஐ ரிலீஃப் 15 மி.மீ., எடை 290 கிராம். ஆறரை மடங்கு என்பதால் கை நடுக்கமும் குறைவு. அருங்காட்சியகத்துக்கும் கோயில் கோபுரச் சிற்பத்துக்கும் அற்புதமாக இருக்கும். மழை தாங்காது, விடியற்காலைக்கு லாயக்கில்லை. குழந்தைக்கு முதல் பைனாகுலர் என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

கேனன் 8×20 ஐஎஸ், கை நடுக்கத்தை பேட்டரி வைத்துச் சமாளிப்பது. பொத்தானை அமுக்கினால் காட்சி அப்படியே நிற்கிறது. ஆனால் விலை, மேலே சொன்ன 8×25-களைப்போல் பல மடங்கு. எடையும் 400 கிராமுக்கு மேல். முன் லென்ஸ் 20 மி.மீ.தான், ஆகவே மங்கல் வெளிச்சத்தில் உதவாது. கை அதிகமாக நடுங்குகிறவர்களுக்கு மட்டும் அந்தக் காசு தகும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இணையத்தில் "30×60" என்று அச்சிட்ட மடக்குப் பைனாகுலர் ஒன்றை எங்கள் தெருவில் ஒருவர் வாங்கினார். ஸ்கேல் வைத்து அளந்தோம், முன் லென்ஸ் 22 மி.மீ. கூட இல்லை. 60 மி.மீ. என்றால் லென்ஸ் ஒரு காபி டம்ளரின் வாய் அளவுக்கு இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் எதிலும் அந்த எண் பொய். சிவப்பாக மின்னும் லென்ஸையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி அடித்துவிடுவதால் உள்ளே எல்லாம் நீலப்பச்சை சாயலில் தெரியும். ஜூம் வைத்த சின்னப் பைனாகுலர்களும் வேண்டாம், பார்வை அகலம் சுருங்கிப்போய்விடும்.

கடைக்குள் சுவரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோங்கள். எதிர்வரிசைக் கடையின் பெயர்ப் பலகையை வலது கண்ணை மூடி இடது கண்ணால் மட்டும் பார்த்து, நடுச் சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது பக்கத்துத் தனி வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இனி இரண்டு கண்ணாலும் ஐந்து நிமிஷம் பாருங்கள். எழுத்து இரட்டையாகப் பிரிந்தாலோ, புருவத்துக்கு நடுவில் இழுத்துப் பிடிப்பதுபோல் வலித்தாலோ இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள். மேலே சொன்ன வெள்ளை வட்டத்தையும் பாருங்கள்: வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி தெரிந்தால் உள்ளே இருக்கும் பிரிஸம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) மட்டமானது.

மைதானத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டிக்கெட்டோடு வரும் தடைப் பட்டியலை முதல் நாளே படித்துவிடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் எமன். கூடவே வரும் துணிப் பையிலோ தோல் உறையிலோ போட்டு அலமாரியில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸின் மேல் சிலந்தி வலை மாதிரி படரும். நான் மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா ஒன்றில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். டப்பா வாசற்கதவுக்குப் பக்கத்தில், சாவி மாட்டும் ஆணிக்குக் கீழேயே இருக்கிறது.